தொலைந்தது

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து, அதன்மேல் யாரோ மிதிவண்டி தள்ளிப்போன தடம்.
மூன்றாம் மாடியில்
ஓர் அடைகாப்புப் பெட்டிக்குள் மட்டும் முப்பது டிகிரி.

நான் எண்ணுபவள்.
அகார் தட்டில் ஐம்பது தாய்கள், வரிசையாக.
ஒன்றரை மணிக்கு ஒருமுறை மொட்டு விடும்.
மகள் முற்றியதும் கண்ணாடி ஊசியால் தட்டிப் பிரித்து
அப்பால் தள்ளிவிட்டு
ஏட்டில் ஒரு கோடு.
தாயின் உடம்பில் ஒரு தழும்பு.
இரண்டும் ஒரே கணக்கு.
இரவு பதினொன்றுக்குத் தட்டைக் குளிரில் வைத்தால்
தாய்களும் உறங்கும், நானும் உறங்கலாம்.

அறைத்தோழி வைக்கே ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறாள்.
பெயருக்கு அமைதி என்று பொருள். வாய் மூடாது.
"நான் ஒரே அடுப்பில் கோடி கோடியாய் வேகவைக்கிறேன்,
நீ ஒன்றுக்கு ஒன்று பிரசவம் பார்க்கிறாய்,
எதற்கடி?"

எதற்கென்றால்,
உள்ளே ஒரு நூல்.
பதினாறு துண்டு; நுனியோடு நுனி வைத்தால் ஓர் எறும்பின் நீளம்.
அது குடியிருக்கும் வீடோ
அந்த எறும்பின் காலில் ஒட்டிய தூசு.
சிக்காமல் எப்படி அடங்கும்?
சுற்றித்தான் அடங்கும்.
ஹிஸ்டோன் எட்டு, நான்கு வகை, வகைக்கு இரண்டு,
கூடி உட்கார்ந்து ஓர் உருளை ஆகின்றன.
நூல் அதைச் சுற்றுகிறது,
இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக.
பிறகு ஒரு சிறு இடைவெளி.
பிறகு இன்னோர் உருளை.
எங்கே இறுக்கமோ அங்கே எழுத்து வாய் திறக்காது.
எங்கே தளர்கிறதோ அங்கே பேச்சு.

"அப்போ பூட்டு."

பூட்டு இல்லை வைக்கே.
பூட்டுக்குச் சாவி மட்டும் தெரியும்.
இதற்கு வால் இருக்கிறது,
உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு.
அதில் ஒரு சிறு குறி ஒட்டினால் பிடி விடும்,
உரித்தால் பிடி இறுகும்.

தாய் முதுமை அடைகையில்
உருளைகள் குறைகின்றன. பாதிக்குப் பாதி.
அடக்கி வைத்ததெல்லாம் அவிழ்ந்து
எல்லாம் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்.
வைக்கே சிரித்தாள்: "எங்கள் கடைச் சமையலறை."

ஹில்லாரின் திட்டம் இதுதான்:
பாதித் தாய்களுக்கு ஹிஸ்டோன் கூடுதலாகக் கொடுப்பது.
அவை நீண்டு வாழுமா?
சாதாரணத் தாய்கள் இருபது, இருபத்தைந்தில் ஓய்ந்தன.
கூடுதல் வரிசையில் இருபத்துமூன்றாம் தாய்
முப்பத்தேழு மகள்களைத் தள்ளிவிட்டு
இன்னும் மொட்டு விட்டுக்கொண்டிருந்தது.
நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
வைக்கக் கூடாது.

முப்பத்தெட்டாவது இரவு ஒன்பதரைக்குப் பிரிந்தது.
அடுத்த மொட்டும் முற்றியபோது மணி பதினொன்றாக ஐந்து நிமிடம்.
கீழே தெருவில் பனி வாரும் வண்டி.
கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது,
ஊசி அதிர்ந்தது.
அகார் கிழிந்தது.

நிமிர்ந்து, மீண்டும் குனிந்து பார்த்தால்
கிழிசலின் இரு கரையில் இரண்டு செல்கள்.
ஒரே பருமன்.
வயதான தாய் ஈன்ற மகள் சில சமயம்
தாய் அளவே வரும்.
தழும்பு இந்த லென்ஸில் தெரியாது.

ஹில்லாரின் குறுஞ்செய்தி:
23 இன்னும் போகிறதா?

ஒன்றைத் தேர்ந்திருக்கலாம்.
யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.
சரியாய்த் தேர்ந்திருந்தால் நாற்பதைத் தாண்டியிருக்கும்,
தவறாய்த் தேர்ந்திருந்தால் இன்னும் அதிகம்தான் தாண்டியிருக்கும்.
அதனால்தான் கை நடுங்கியது.

ஏட்டில் "இறந்தது" என்றொரு கட்டம்.
அதற்கு அருகே ஒரு குறுகிய கட்டம்,
பெரும்பாலும் காலியாகவே கிடப்பது.
முப்பத்தெட்டு வரை கண்டேன், என்று எழுதினேன்.
பிறகு: தொலைந்தது.

இரண்டு செல்லும் அங்கேதான்,
என் கண் முன்னால்,
ஒன்று மொட்டு விடத் தொடங்கியிருந்தது.

தட்டைக் குளிரில் வைத்தேன்.
படிக்கட்டில் வைக்கே, கோட்டெல்லாம் மாவு,
கையில் நேற்றைய ரொட்டி பாதி.
"எத்தனை ஆச்சு?"
தெரியாது என்றேன்.
அவள் முதல்முறையாக எதுவும் பேசவில்லை;
ரொட்டியைப் பிட்டுப் பெரிய துண்டை நீட்டினாள்.