அடிக்கட்டை

மட்டிக்களிச் சந்தி வாகை மரத்தை
நாங்கள்தான் தறித்தோம்.
கயிற்றின் ஒரு நுனி என் கையில் இருந்தது.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை
சனசமூக நிலையத்தில் கூட்டம்.
கதிரைகள் போதாமல் பாதிப்பேர் யன்னலோரம் நின்றோம்.
அந்தப் பிள்ளையின் பெயரை யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லமாட்டேன்.
ஆனால் எத்தனை மணிக்கு வந்தாள்,
என்ன உடுத்திருந்தாள்,
போனில் யாரோடு கதைத்துக்கொண்டு வந்தாள் என்பது
அங்கே எல்லோருக்கும் பாடமாக இருந்தது.
அவனைப் பற்றி இரண்டே வசனம்:
"நல்ல பெடியன். அண்டைக்குக் குடிச்சிருந்தவன்."

மரம்தான் இருட்டாக்குது என்றார் செயலாளர்.
தறிக்கலாம் என்று எழுதினார்.
கம்பியூட்டர் வகுப்பு ஆறு மணிக்குள் முடியவேண்டும் என்று எழுதினார்.
பல்ப்புக்காக கறண்ட் கந்தோருக்கு ஒரு கடிதம்.
தாள் நிரம்பியது.
எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது, எழும்பினேன்.
"எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்..."

மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிற பவளராணி அக்கா
கதவடியில் நின்றவர், றப்பர் கையுறைகூடக் கழற்றாமல்,
"மகள் இல்லாட்டி?" என்றார்.

நான் இருந்துவிட்டேன்.

பிறகு அவர், யாரையும் பாராமல்:
"மரத்தடியில இருந்து ஓட்டோ ஸ்டாண்ட் முப்பது அடி.
பகல் பத்து மணிக்கு, நல்ல வெயிலுக்க,
வாளியோட நான் போகேக்க ஒரு விசில் வரும்.
அதுக்கு எந்தப் பல்ப்பைப் போடப் போறியள்?"

யாரோ சிரித்தார்கள்.
செயலாளர் அதை எழுதவில்லை.

நான் எழுதுகிறேன்.

கோட்டை வாசலடியில் மான்கள் றோட்டைக் கடக்கும்.
வேகத்தைக் குறைப்போம்.
கடை பூட்டி வருகிற பெண்கள் சந்தியைக் கடந்தாலும்
வேகத்தைக் குறைப்போம்.
இரண்டும் ஒரே குறைப்பு அல்ல என்று
ஸ்டாண்டில் ஏழு பேருக்கும் தெரியும்.
உள்கண்ணாடியை யார் எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான்
என்பதும் தெரியும்.

அந்த நல்ல பெடியன், நிமலரூபன்,
ஸ்டாண்டுக்கு வந்த புதிதில் வாய் திறக்கமாட்டான்.
எங்கள் பகிடிகளுக்குத் தலையைக் குனிந்துகொள்வான்.
"ஆம்பிளையோடா நீ" என்று கேட்டது நாங்கள்.
இரண்டாம் மாதம் அவனே ஒன்று சொன்னான்.
நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.
மாரி தொடங்க முன்னம் ஒருநாள்
ஒருத்தியின் பக்கத்திலேயே ஓட்டோவை உருட்டிக்கொண்டு
பேக்கரி மட்டும் போனான்.
வேண்டாம் என்று அவள் இரண்டு தரம் சொன்னது
இங்கே கேட்டது.
ஏறுவாளா மாட்டாளா என்று பந்தயம் கட்டினோம்.
இருநூறு ரூபாய். மாட்டாள் என்றேன். வென்றேன்.

பொலிஸில் கேட்டார்கள்,
"முதல் இப்பிடி ஏதும் செய்தவனோ?"
"இல்லை, சேர்."
அந்த இருநூறு ரூபாய்
அப்போதே பெற்றோலாக எரிந்து முடிந்திருக்கும்.

மரம் விழுந்ததும் வெளிச்சம் வந்தது.
வந்த வெளிச்சத்தில் எங்கள் வாங்கு தெரிந்தது.
அதில் நாங்கள்.

நேற்று மறுபடியும் ஒரு விசில்.
கீர்த்தனன், பத்தொன்பது வயது.
"விடு" என்றேன்.
"என்னண்ணை?"
"விடடா. அவள் வேலைக்குப் போறாள்."
சொன்ன பிறகுதான் உறைத்தது.
வேலைக்குப் போகாட்டி?

ஒருவரும் சிரிக்கவில்லை.
என் முறைக்கு வந்த ஹயரை இன்னொருவன் எடுத்தான்.
தேநீர் ஒன்று குறைவாக வந்தது.

அவள் வழக்கம்போல
அடிக்கட்டையடியில் றோட்டைக் குறுக்கறுத்து
மற்றப் பக்கத்தால் போனாள்.
போகட்டும்.
இத்தனை வருடத்துக்குப் பிறகு நான் சொன்ன
ஒரு சொல்லை நம்பி
அவள் ஏன் இந்தப் பக்கம் வரவேண்டும்?