சின்னத்துரையின் மடிக்கணினி

விசிறியில் தூசி என்று கொண்டுவந்தார்.
வெள்ளிக்கிழமை தருவதாகச் சீட்டு எழுதினேன்.
தூசிதான், ஆனால் தேயிலைத் தூசி.
கொழும்பு ஏலத்தில் அதற்கும் விலை உண்டு.
ஊதித் தள்ளி, பசை தடவி, திருகாணி பூட்டிய பின்
சூடு ஏறுகிறதா என்று பார்க்க
கனமான எதையாவது ஓடவிட வேண்டும்.
அப்படித்தான் திறந்தது
சின்னத்துரையின் சாம்ராஜ்யம்.

நூற்றுப் பன்னிரண்டாம் முறை. இரண்டே நகரம்.
தலைநகரில் நாலு அதிசயம், சுற்றி மதில்,
தெற்கே ஆறு பாயும் நிலத்தை
எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
"இந்த மனுசன நம்பி யாரு மலைய குடுத்தா?"
என்றான் முஸம்மில்.
பகலில் பக்கத்து ஹார்ட்வெயாரில் ஆணி நிறுப்பவன்,
ஷட்டர் இறங்கிய பின் என் எதிரி.

புதிதாகத் தொடங்கினோம். ஒரே திரை;
அவன் முறையில் நான் சுவரைப் பார்க்க வேண்டும்.
சுவரில் பழைய கலண்டர், ஒரு பல்லி.

முதலில் சாரணன். பிறகு குடியேறி. பிறகும் குடியேறி.
கோயில் அப்புறம், மதில் அப்புறம்.
ஒரு குடியேறி புறப்பட்டால்
தலைநகரில் ஒரு தலை குறையும்.
மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்.
அந்தக் கணக்கை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்,
எங்கள் லயத்தில் ஆறு காம்பிரா,
ஆறிலும் ஒருவர் கொழும்பில்.

சாரணன் நடந்தால் பனி விலகுகிறது.
வெளியே மேல்கொத்மலை அணைக்கு மேல் கிடக்கும் பனி
யார் நடந்தாலும் விலகாது.
விலகிய இடத்தில் ஆறு, குன்று, காடு,
கிராம சேவகரின் கடிதம் கேட்காத நிலம்.
ஏழு பேர்ச்சுக்காக அப்பா
பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்கிய படிகள்
இந்த வரைபடத்தில் இல்லை.
'நகரை நிறுவு' என்று ஒரு பொத்தான்.
இங்கே யாருமில்லை என்று எவனோ ஒருவன்
இப்படித்தான் அன்றைக்கு விரல் வைத்திருப்பான்
என்று ஒரு நொடி தோன்றியது.
அழுத்தினேன்.

மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, நடுக்கணக்கு, புதுலயம்.
ஐந்தாவதற்குப் பெயர் வரவில்லை,
இருநூற்றுப் பதினேழு என்று தட்டினேன்.
அதன் எல்லைக்குள் தேயிலை கிடைத்தது:
மகிழ்ச்சி, கூட்டல் ஒன்று.
பணியாள் வந்தான், மூன்று வேலைக்கு மட்டும்.
காட்டை வெட்டினான், வாய்க்கால் இழுத்தான்,
மூன்றாவதாகத் தோட்டம் போட்டான்,
போட்ட இடத்திலேயே இல்லாமல் போனான்.
பெயர் இல்லை அவனுக்கு.
பேர் மட்டும் விழுந்தது, மூன்று பேர்.

நாற்பத்தெட்டாம் முறையில் ஏழு நகரம் எனக்கு,
முஸம்மிலுக்கு மூன்று.
கஜானாவில் பொன் இல்லை, மக்கள் முகம் சுளிக்கிறார்கள்,
ஏழு நகரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வில்லாளன்.
நான் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.
"திரும்பு புள்ள," என்றான்.
நாலு குதிரை
இருநூற்றுப் பதினேழுக்குள் நின்றன.
"காணி காணியாப் புடிச்சா மட்டும் பத்துமா?"
அப்போது நினைத்துக்கொண்டேன்
சின்னத்துரையின் மதிலை, கொஞ்சம் மரியாதையோடு.

"அதென்ன நம்பர்?"
"செக்ரோல்ல அம்மாவோட நம்பர்."
"ஓ," என்றான்.
திருப்பித் தரவில்லை.
தரவும் கூடாது, ஆட்டம் ஆட்டம்தான்.

வெள்ளி காலை வந்தார்.
மூவாயிரத்து ஐந்நூறு. எண்ணாமல் தந்தார்.
"உள்ளே ஒன்றும் அழியல்லதானே?"
"இல்ல சேர். ஒன்றும் அழியல்ல."

அழியவில்லை. கூடியிருக்கிறது.
அவருடைய இரண்டு நகரத்துக்குக் கீழே
என்னுடைய ஆறும் இருக்கின்றன, சேமித்தபடி.
கடைசிக் குடியேறியை நான் எங்கும் இறக்கவில்லை.
பனியின் ஓரத்தில், ஒரு குன்றடியில் நிற்கிறாள்.
திறந்தால் திரையின் மூலையில் சொல்லும்:
ஒருவர் கட்டளைக்குக் காத்திருக்கிறார்,
அதுவரை இந்த முறை முடியாது.