நிகரச் செலவு

செவ்வாய், வியாழன், சனி.
காலை ஏழரைக்கு ஊசி ஏற்றுவேன்.
பதினொன்றரை வரை இருவரும் எழுந்து போக முடியாது,
அதனால் சண்டை போடுவார்கள்.

ஆறாம் நாற்காலி வில்ஃப் ஆக்ராய்ட்,
கம்பளி ஆலையில் சாயம் கலக்கியவர். ஸ்டெயின்லி டவுன்.
ஏழாம் நாற்காலி எர்ரோல் பின்னாக்,
ஹாலிஃபாக்ஸ் பேருந்தை முப்பது வருடம் ஓட்டியவர். கால்டர் யுனைடெட்.
நடுவில் நான்,
ரத்தம் வெளியே போவதையும் உள்ளே வருவதையும்
பார்த்துக்கொண்டு.

"பெரிய கிளப்பா உங்களுது?
கோல் கம்பத்துக்குப் பின்னால ஆடு மேயுது."
"ஆடாவது வருதே.
உங்க புது ஸ்டாண்டுல புறாதான் சீசன் டிக்கெட் வச்சிருக்கு.
எழுபது லட்சம் பவுண்டு! மூணு முன்வரிசைக்காரன், பன்னிரண்டு கோல்!
ஆத்துல போட்டாலும் அளந்து போடணும், எர்ரோல்."
"வித்ததைக் கழிச்சுப் பாருய்யா. நிகரச் செலவைச் சொல்லு!"

நிகரம் எனக்குத் தெரியும்.
வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை.
வில்ஃபிடமிருந்து இன்று இரண்டு லிட்டர் எண்ணூறு இறக்க வேண்டும்.
நேற்றிரவு ஆட்டம் பார்த்துக்கொண்டே பியர் குடித்திருக்கிறார்.
இல்லை என்கிறார்.
தராசு ஆம் என்கிறது.

பிறகு மேனேஜர்கள்.
வில்ஃபின் தார்ண்டைக்:
இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், அறுபத்தொரு வெற்றி.
எர்ரோலின் போர்ச்சுகல்காரர்:
பதினெட்டுக்கு ஒன்பது, அதோடு வேலை போயிற்று.
"பதினெட்டு ஆட்டமெல்லாம் ஒரு கணக்கா?
அது விருந்துக்கு வந்துட்டுப் போறது."
"உங்காளு ஜெயிச்சது அறுபத்தொண்ணு. சரி.
மீதி நூத்தி ஐம்பத்தொண்ணு?"
"மீதிக்கும் நாங்க போனோம்," என்றார் வில்ஃப்.
"மழையில."

ஒரு வியாழன், பத்து மணி பத்து நிமிடம், போன்.
லீட்ஸிலிருந்து. சிறுநீரகம் ஒன்று. பொருந்துகிறது.
உடனே வரச் சொல்.

எர்ரோலின் ஊசிகளைப் பாதியில் எடுத்தேன்.
பஞ்சை வைத்துப் பத்து நிமிடம் அழுத்த வேண்டும்.
அந்தப் பத்து நிமிடமும் யாரும் பேசவில்லை,
மூன்று வருடத்தில் முதல் முறையாக.

"யாரோ ஒருத்தர் வீட்டுல இன்னைக்கு..."
எர்ரோல் முடிக்கவில்லை.

வில்ஃப் தொண்டையைச் செருமினார்.
"எவ்வளவு கொடுத்தீங்க?"
"ஒண்ணுமில்ல."
"கட்டணமில்லா மாற்றமா?
உங்க கிளப் சரித்திரத்துலயே உருப்படியா வாங்கினது இதுதான்.
யாரோடதாம்?"
"சொல்ல மாட்டாங்களாம்."
"எங்காள் எவனோடதாவதா இருந்தா உனக்கே தெரிஞ்சிடும்.
மூணு கோல் முன்னாடி இருக்கும்போதும்
உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டே இருக்கும்."

எர்ரோல் சிரித்தார். பஞ்சில் புதிதாக ஒரு சிவப்பு.
அசையாதீர்கள் என்று அதட்டினேன்.

சனிக்கிழமை ஏழாம் நாற்காலியில் ஓர் இளம்பெண்,
காதில் ஒலிக்கருவி, பந்தாட்டம் பிடிக்காதாம்.
வில்ஃபின் எடையில் கூடுதலே இல்லை.
கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.
ஒன்பது மணிவாக்கில் என்னைக் கூப்பிட்டார்.

"பதினெட்டுக்கு ஒன்பதுன்னா, நூத்துக்கு எவ்வளவு?"
"ஐம்பது."
"ம்."
இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது.
"மோசமில்ல.
அவன்கிட்ட சொல்லிடாதே."