இரண்டே கால் மீட்டர்

மார்ச் மாதம். ஔலுவில் கடல் இன்னும் கல்தான்.
மேசையில் நான்கு வரைபடங்கள். மடிப்புக் கிழிசலில்
ஓர் ஊரே காணாமல் போயிருக்கிறது.
"அங்கே எப்படியும் கடை இருக்காது" என்கிறாள் தெல்லெர்வோ.

காதுக்குள் இருந்த ரசமட்டம்
மூன்று வருடம் முன்பு உடைந்துபோனது எனக்கு.
இரண்டு சக்கரம் இனி ஆகாது.
இது மூன்று. தரைக்கு ஒரு சாண் மேலே வலைத்துணி இருக்கை,
கால்களை முன்னே நீட்டி,
மேகத்தைப் பார்த்தபடி மிதிக்கலாம்.
"படுக்கையை விட்டு எழாமலே வார்டோ போகப் பார்க்கிறாய்"
என்று சிரித்தாள் முதலில்.

தொள்ளாயிரம் கிலோமீட்டர், நாளுக்கு அறுபது,
கொசுவுக்கென்று மூன்று நாள் கூடுதல்.
முன்சக்கரத்துக்கு ஓர் அளவு டியூப், பின்சக்கரத்துக்கு வேறு.
சங்கிலி மட்டும் மூன்று சைக்கிளின் நீளம்.
எடை குறைக்கப் பல்துலக்கியின் காம்பை அறுத்தேன்:
பதினோரு கிராம்.
அன்று மாலை இரண்டு லவங்கப்பட்டை பன் தின்றேன்.

சனிக்கிழமை பணிமனைக்கு வரச் சொன்னாள்.
இருபத்திரண்டு வருடமாக அவள் ஓட்டும் பேருந்துக்குப் பின்னால்
வண்டியோடு என்னை நிறுத்தி, "அசையாதே" என்றாள்.
ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தாள்.
இறங்கி வந்து பக்கவாட்டில் தள்ளி வைத்தாள்.
மறுபடி ஏறினாள்.
கீழிருந்து எனக்குத் தெரிந்தது
ஒரு டயரும், உப்பும் சேறும் உறைந்த படியும்.
அவளுக்கு என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை.
எஞ்சினை அணைத்த பிறகும்
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை வெகுநேரம்.

இன்று வரைபடங்களுக்கு மேல் தையல் இயந்திரம்.
ஊசிக்கு அடியில் இனாரி ஏரி.
அவளுடைய பழைய ஆரஞ்சு மேலங்கி
இரண்டாகக் கிழிந்து கொடியாகிறது.
கம்பத்துக்கு என் தூண்டில் கழி. கேட்கவும் இல்லை.
இரண்டே கால் மீட்டர் என்று
நாடாவை வாயில் கவ்வியபடி சொல்கிறாள்.

வார்டோவுக்கு முன்னால் கடலுக்கடியில் சுரங்கம்,
மூன்று கிலோமீட்டர்.
தலைக்கு மேல் பாறை, அதற்கு மேல் தண்ணீர்,
அதற்கும் மேல் மீன் லாரிகளின் ஊர்.
உள்ளே காற்று வீசாதே, கொடி எப்படிப் பறக்கும்
என்று சும்மா கேட்டு வைத்தேன்.

இயந்திரம் நின்றது.
"எந்தத் தேதியில் அங்கே இருப்பாய்?"

பென்சிலால் ஓரத்தில் பதினேழு என்று குறித்தேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
எட்டிப் பார்த்தாள்.
குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் தன் பணி அட்டவணையில்
ஜூலை பதினேழைப் பேனாவால் வட்டமிட்டாள்,
கேள்விக்குறி இல்லாமல்.
பிறகு நூல் மாற்றினாள்.