இருபத்தொன்பது புள்ளி ஒன்று ஆறு

மீனாட்சிபுரம் பால் சோதனைச்சாவடி.
இரவு ஒன்றேகால்.
சோதனைக்குழாய் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது
குவான்ட் புத்தகம்.

நாற்பது லிட்டர் பாலில் நாலு லிட்டர் எடுத்துவிட்டு
அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறான் ஒருவன்.
மறுபடி நாலு. மறுபடியும்.
மிச்சம் எவ்வளவு பால்?
அவனுக்குப் பெயரில்லை, வண்டி எண் இல்லை,
சீல் வைத்துத் திருப்பி அனுப்ப வழியில்லை.
எட்டிப் பார்த்த ரம்லத் சிரிக்கிறாள்:
இத்தனை பொறுமையா கலக்குறவன்
நம்ம கையில மாட்டினதே இல்லையேடீ.

கணக்கு வந்துவிடுகிறது.
வெர்பல்தான்.
கலைத்துப் போட்ட ஐந்து வாக்கியத்தில்
நாலை நேராக்கிவிடுவேன்.
ஐந்தாவது, பர்மிட் இல்லாத லாரியாக
ஓரத்திலேயே நிற்கும்.
வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்,
கனவில் எது என்று கவனித்ததில்லை,
இங்கிலீஷ் இல்லை, அது நிச்சயம்.

கட்டுரையாளரின் தொனி யாது?
கேலி, கவலை, ஐயம், அலட்சியம்.
"நல்ல பாலுதானுங்க" என்று
டிரைவர் ராக்கியப்பன் வாய் திறந்ததுமே
தொனி எனக்குத் தெரியும்.
இந்த ஆள் தாளுக்குப் பின்னால் நின்றுகொண்டு
முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறான்.

தப்பாக எழுதினால் ஒரு மார்க் போகும்.
தெரியாததை விட்டுவிடு, விட்டால் நஷ்டமில்லை
என்கிறது முன்னுரை.
எட்டு வருஷமாக ஒரு டேங்கரைக்கூட
அப்படி விட்டதில்லை இந்தக் கை.

ஹாரன்.
லிட்மஸ் தாளை அடையாளம் வைத்து மூடுகிறேன்.
கரண்டியோடு ஏணியில் ஏறும்போது
சட்டைப்பையில் போன் டைமர்
ஓடிக்கொண்டே இருக்கிறது,
பதினேழு நிமிடம், பதினாறு ஐம்பத்தெட்டு.
மூடியைத் திறந்ததும்
குளிர்ந்த பால் வாசனை.