அடையாளக் குறிகள்

பெயர்: ம. யோகராணி.
தகப்பனார்: மருதமுத்து, டேன்டீ லயன், கோத்தகிரி.
பிறந்த தேதியை எண்ணிலும் எழுத்திலும் எழுதினேன்.
அப்போது எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வரவில்லை,
மைப் பேனாதான்.

அன்று ஆகஸ்ட் நான்கு.
வாசலில் வெள்ளை வேன், எஞ்சினை அணைக்காமல்.
குன்னூர்ப் பக்கத்துப் பள்ளி. பேரைச் சொன்னால்
பீஸ்தான் ஞாபகம் வரும், விட்டுவிடுகிறேன்.
டிராக் சூட்டில் இறங்கியவர்
பாதி வருஷம் போன டைரி ஒன்றை
என் மேசையில் வைத்தார்.
"தேதி மட்டும் ஜூன் பத்துன்னு போட்டுருங்க சார்.
நடுவுல மாறினா இந்த வருஷம் ஆட விடமாட்டாங்க."

கிரேஸ் ஜெபமணி அம்மா, எங்கள் எச்.எம்.,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டே
"போட்டுக் குடுங்க, பிள்ளை நல்லா இருக்கட்டும்" என்றார்.
மருதமுத்து செருப்பை வராந்தாவில் கழற்றிவிட்டு நின்றார்.
பிளஸ் டூ வரை பீஸ் கிடையாது,
ஹாஸ்டலுக்கும் காசில்லை, தினம் இரண்டு முட்டை.
அவள் கால் அளவுக்கே வாங்கிய ஷூ.

எங்களிடம் ஏழு ஜோடி ஷூ, பதினொரு பேர்.
மழை நாளில் போஜன் சார்
உதைக்கிற காலுக்கு மட்டும் ஒன்றென்று
பிரித்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.
நான் என்ன சொல்ல?

ஜூன் பத்து என்று எழுதினேன்.
வருகைப் பதிவேட்டில்
அதற்குப் பிறகு அவள் வந்த நாள்களின் மேலெல்லாம்
சிவப்பு மை.
நடத்தை: நன்று.
நீங்கும் காரணம்: பெற்றோர் விருப்பம்.
அடையாளக் குறி ஒன்று: வலது கன்னத்தில் மச்சம்.
இரண்டாவது, பழைய பதிவேட்டிலேயே காலி.
எங்காவது தழும்பு இருக்கா என்றேன்.
காலுறையை உருட்டி இறக்கினாள்:
இடது கணுக்காலுக்கு மேலே மூன்று தையல்,
இன்னும் சிவப்பு மாறாமல்.
பார்த்ததை எழுதினேன். அதுதான் என் வேலை.

ஒன்பதாம் நம்பர் சட்டையைத் துவைத்து மடித்து
பாலிதீன் பையில் கொண்டுவந்திருந்தாள்.
ஈரமாகவே இருந்தது.
இந்த மாதத்தில் இந்த மலையில்
எதுதான் காய்கிறது.

பதினைந்தாம் நாள் ஆட்சேபம் வந்தது,
அதே பள்ளியின் முத்திரையோடு.
ஜூலை பதினெட்டு, காந்தி மைதானம்,
குறுவட்ட இறுதி ஆட்டம்:
நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று.
இரண்டும் யோகராணி.
இணைப்பு: மாற்றுச் சான்றிதழின் நகல்.
ஜூன் பத்தில் பள்ளியை விட்டவள்
ஜூலையில் உங்களுக்கு எப்படி ஆடினாள்?

நியாயமான கேள்வி.
என் கையெழுத்திலேயே கேட்டிருந்தார்கள்.

கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றி
போஜன் சார் பஸ்ஸில் கொண்டுபோய் ஒப்படைத்தார்.
வாங்கியதாகக் கையெழுத்து தர
ஒரு மணி நேரம் காக்க வைத்தார்களாம்.
மாவட்டப் போட்டிக்கு அவர்கள் போனார்கள்.
அவளும் போனாள்,
தான் தோற்கடித்த அணியின் மஞ்சள் சட்டையில்.
கோல் காக்கும் சுபலட்சுமி மட்டும்
அலுவலகக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"அப்ப அந்த ரெண்டு கோலும் யாரு சார் அடிச்சா?"

அடிக்கட்டை இன்றும் பீரோவில் இருக்கிறது.
அவர்களுடைய தடுப்பாட்டக்காரியின் ஷூ ஆணி
அந்தக் கணுக்காலில் ஏறியது ஜூலை பதினெட்டில்,
இரண்டாம் கோலுக்குச் சற்று முன்.
மைதானமே பார்த்தது.
தையல் போட்டது நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரி.
ஜூன் பத்து என்கிற தாளில்
அந்தத் தழும்பு இருக்கிறது.

விசாரணைக்கு ஐந்து பேர் வந்தார்கள்.
ஐவரும் தேதியைப் படித்தார்கள்.
நான் டீ டம்ளர்களை எடுத்தபடி
அந்தக் கட்டத்தின் மேல் விரல் வைக்காமல் நகர்ந்தேன்.
பென்ஷனுக்கு இன்னும்
ஒன்பது வருஷம் இருந்தது.