சுமை குறைப்பு

நாரஹேன்பிட்டியில், இரண்டாம் மாடியில்,
என் தலைக்கு மேல் ஒரு கண்ணாடிக் கூடு.
இருபது நிமிடம் அசையாமல் கிடக்கவேணும்.
உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும்
குழாய் வழியே கணக்காகிக்கொண்டிருந்தன.
"நித்திரை கொள்ளவேண்டாம் அண்ணை" என்றாள் தர்மிளா.

நாலு மாதம் முன்பு இதே கட்டிலில்
தொண்ணூற்றாறு கிலோவாய்க் கிடந்தேன்.
இன்று எண்பத்தைந்து.
பதினொரு கிலோ எங்கே போனது?
வியர்வையில் என்பான் ஜிம்மில் ரொஷாந்த்.
கக்கூசில் என்பாள் மனைவி.
பெரும்பகுதி மூச்சில் போயிற்றாம்.
பின்னேரங்களில் மரைன் டிரைவில் நடக்கையில்
என்னையே சிறிது சிறிதாய்க் கடலுக்கு ஊதியிருக்கிறேன்.
கடலை வறுப்பவருக்குத் தெரியாது.
பாணந்துறைக் கோச்சிக்கும் தெரியாது.

மெஷின் இன்னொன்றும் சொன்னது.
இந்த நிறைக்கு, இந்த வயதுக்கு, சும்மா கிடக்க
ஆயிரத்து அறுநூற்றிருபது கலோரி எரியவேணும்.
எரிந்தது ஆயிரத்து நானூற்றெண்பது.
நூற்றிநாற்பதைக் காணவில்லை.
ஒன்றரைத் துண்டுப் பாண்.
"உடம்பு மிச்சம் பிடிக்குது" என்றாள் தர்மிளா.
"எங்க எண்டு காட்ட ஏலாது. அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம்."

எனக்குத் தெரியும்.
மின்சார சபைக் கட்டுப்பாட்டு அறையில்
இருபத்திரண்டு வருடம் இருக்கிறேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, பங்குனி.
நீர்த்தேக்கங்களில் சேறு தெரிந்தது.
எண்ணெய்க் கப்பல் டொலருக்காக
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது.
ஒரு நாள் பதின்மூன்று மணித்தியாலம் என்று பட்டியல் வந்தது.
ஆஸ்பத்திரியைத் தொடாதே. துறைமுகத்தைத் தொடாதே.
மற்றதெல்லாம் எழுத்துகள்.
பி, கியூ, ஆர், எஸ்.
ஒரு சொடுக்கில் பாமன்கடை,
மறு சொடுக்கில் கொட்டாஞ்சேனை.

அந்தப் பட்டியல் இப்போது எனக்குள் ஓடுகிறது.
இதயத்தைத் தொடாதே. மூளையைத் தொடாதே.
விரல் நுனிகள் தெருவிளக்குகள்தானே, அணை.
கால் ஆட்டும் பழக்கம் இருந்தது எனக்கு,
மேசையே நடுங்குது என்று லசந்தி மிஸ் ஏசுவா.
எப்போது நின்றதென்று தெரியவில்லை.
மனைவி படியால் இறங்கிப் போகிறாள்,
நான் லிஃப்டுக்கு நிற்கிறேன்.
உத்தரவிட்டது யார்?
நான் கையெழுத்துப் போடவில்லை.

கொழுப்புச் செல்கள் சாகவில்லையாம்.
வெறுமையாய்ச் சுருங்கி,
இருந்த இடத்திலேயே இருக்கின்றனவாம்.
கேட்டதும் ஹவ்லொக் வீதி கண்ணுக்குள் வந்தது:
சங்கிலியில் கோத்த வெற்று காஸ் சிலிண்டர்கள்
ஆளில்லாமல், இரவெல்லாம்,
லொறி வரும் திசை பார்த்து.
எங்களுடையதில் மகன் பச்சைப் பெயின்ற்றால்
வீட்டு இலக்கம் எழுதியிருந்தான்.

அந்த வருடமும் மெலிந்தேன். ஏழு கிலோ.
ஒருவரும் வடிவு என்று சொல்லவில்லை.
மாவும் காஸும் திரும்பி வந்தபோது
ஏழு பத்தாகி வந்தது.
இப்போது காசு கட்டிப் பசிக்கிறேன்.
வரிசையில் நின்ற பசியா, விரும்பி எடுத்த பசியா,
ஈரல் கேட்பதில்லை.

இரவு பதினொன்றுக்குக் காலி வீதியில்
கொத்துத் தட்டும் சத்தம்.
கைகளைத் தொடைக்கிடையில் சொருகிப் படுக்கிறேன்.
அப்போது அந்தக் குரல் வரும்.
பெயர் சொல்லவில்லை, கொட்டாஞ்சேனை என்றாள்,
பிள்ளைக்கு ஆவி பிடிக்கும் மெஷின்
இடையில் நின்றுவிட்டதென்றாள்.
"எப்பவும் எங்கட லைன்தானே முதல்ல?"
"எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் அம்மா."
பொய்.
"எப்ப வரும்?"
"மழை பெய்யட்டும்."

நேற்றிரவு எழும்பிக் குசினிக்குப் போனேன்.
லைட் போடாமல், அளந்து,
ஒன்றரைத் துண்டுப் பாண் வெட்டினேன்.
அரைத் துண்டைத் திருப்பி வைத்தேன்.
மற்றதை நின்றபடியே தின்றேன்,
சம்பல் இல்லாமல்.

விரல்களுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை.